பாலம் ஏறாத வண்டி

எங்கள் கார் பட்டாபிராம் மேம்பாலத்தின் பாதியில் மூச்சு வாங்கியபோது நான் முதலில் திட்டியது பெட்ரோல் பங்க்கை. இரண்டாவதாக என் கணவரை, ஏனென்றால் முந்தின நாள் வண்டியை எடுத்துப் போனவர் அவர்தான். கியரை இறக்கினேன், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். வண்டி முனகியதே தவிர ஏறவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ என்னை முந்திக்கொண்டு போனது. அதில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி மாளாது.

இருபது வயதான சின்ன வெள்ளைக் கார் அது. நான் நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று இங்கே வந்தவள், பட்டாபிராமில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் வரை மின்சார ரயிலில் ஒற்றைக் காலில் நின்றே பத்து வருஷம் ஓட்டியவள். நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்துக்குப் போகலாம் என்பதே இந்த வண்டி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டைப் போட்டு, கூடவே நானும் பாடுவேன். கேட்பதற்கு ஆள் இல்லை என்பது இன்னும் வசதி.

வண்டியை நான் பார்த்துக்கொண்டதும் அந்தப் பிரியத்தோடுதான். எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் எலித் தொல்லை. மூன்றாம் மாடிக்காரர் காரில் ஒரு எலி ஒயரைக் கடித்துக் குதறிவிட்டது. புகையிலை வாசனைக்கு எலி வராது என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அன்றைக்கே நான் ஒரு பழைய பச்சை ரவிக்கையை வெட்டிப் பை மாதிரி தைத்து, புகையிலையை அடைத்து, பானட்டைத் திறந்து உள்ளே கட்டிவிட்டேன். அதைப் படம் எடுத்துக் குழுவிலும் போட்டேன். நிறையப் பேர் கைதட்டினார்கள்.

பாலத்தில் திணறியதைக் கேட்டதும் கணவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார், வண்டியை விற்றுவிடலாம் என்று. அவரோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பழைய கார் தேடுகிறாராம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம். நான் விடுவேனா? குக்கர் விசிலையும் மீறி என் குரல் கேட்டிருக்கும். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்.

“பாலத்துல நின்னு போய், பின்னால லாரிக்காரன் கவனிக்காம வந்தான்னா? நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்குப் பயமாவே இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி பாலம் ஏறினால் விற்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டேன். பங்க்குக்குப் போய் பெட்ரோல் போட்டவரிடம் ஒரு மூச்சு சண்டையும் போட்டுவிட்டு வந்தேன். அவர் பாவம், அடுத்த வண்டிக்குப் பெட்ரோல் போட்டபடியே கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மேடு இல்லாத வழியாகப் பார்த்து வண்டியை உருட்டிக்கொண்டு பூந்தமல்லி போனேன். மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறை. முப்பது வயதிருக்கும், ஒரு காதில் எப்போதும் இயர்போன். வண்டியைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரு கேள்விதான்: நிற்கும்போது சரியாக இருக்கிறதா, ஏறும்போது மட்டும்தான் இழுக்கவில்லையா? ஆமாம், நிற்கும்போது பூனை மாதிரி இருக்கிறது, மேட்டைக் கண்டால்தான் சாகிறது என்றேன். பங்க்காரர், என் கணவர், சாலை போட்டவர்கள் எல்லாரையும் பற்றி ஒரு பாட்டம் சொல்லி முடித்தேன். அவர் இயர்போனைக் கழற்றவே இல்லை.

வண்டியைத் தூக்கி நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றினார். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. வண்டியைக் கீழே இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டார். என்ஜின் சட்டென்று அணைந்தது. கிளட்ச் வழுக்கினால் இப்படி அணையாது, அதனால் கிளட்ச்சும் நல்லது என்றார். பிளக் நல்லது, பெட்ரோல் நல்லது. காற்றை வடிகட்டும் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், அதுவும் சுத்தம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிற வண்டியை எப்படிச் சரிசெய்வது?

அவர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திரும்ப மாட்டாமல் வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிவட்டச் சாலைக்கு ஏறுகிற சரிவில் மிதித்தார். அம்மாடி! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் அவர் தோளில் அறைந்தே விட்டேன் சந்தோஷத்தில். திரும்பி வந்து மூடியை மாட்டிக்கொண்டு அதே சரிவுக்குப் போனார். வண்டி பழையபடி முனகியது.

“மூடிய கயட்டினா பறக்குது, மாட்னா நொண்டுது,” என்றார். “அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. காத்து உள்ள வர்ற வழில இன்னாவோ அடச்சிகினு கீது.”

பட்டறைக்கு வந்ததும் பானட்டைத் திறந்து வைத்து, என்னை உட்கார வைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இன்னும் என்றார். அடிவரைக்கும் மிதித்தேன். அவர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் குனிந்தவர் அப்படியே நின்றார். காலை எடுக்கச் சொல்லிக் கையாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எக்கா, இந்தப் பச்சைத் துணி யாரு கட்னது?”

என் ரவிக்கை. கயிறு நெகிழ்ந்து, புகையிலை முடிச்சு காற்றுக் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி மேட்டில் காற்றை வேகமாக உறிஞ்சும்போது அது போய் வாயை அடைத்துக்கொள்ளும். காலை எடுத்தால் விழுந்து, ஒன்றும் தெரியாத மாதிரி ஓரமாகத் தொங்கும். இத்தனை நாளும் வண்டியின் மூக்கைப் பொத்திக்கொண்டே ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறேன். கட்டியது யார் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு அவர் இயர்போனைக் கழற்றிவிட்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். எலிக்கென்று கட்டினால் அந்தப் பக்கமாகக் கட்டுக்கா என்று சொல்லி, மெக்கானிக்கே கம்பியால் பேட்டரி ஓரமாக இறுக்கிக் கட்டிக்கொடுத்தார்.

பெட்ரோல் போகிற வழியில் அடைப்பு என்று கணவரிடம் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். முடியவில்லை. அன்று மாலையே உண்மையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பங்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயா என்றார். கேட்டேன். ஞாயிறு காலை முதல் வேலையாகப் போய்க் கேட்டேன்.

அந்தத் தம்பி வந்ததும் நானே சாவியைக் கொடுத்தேன். மேம்பாலத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பினேன். இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னால் என் கணவருக்குப் பயம் போய்விடும் என்பது என் கணக்கு. வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், என்ன பிக்கப்! இன்னைக்கே எடுத்துக்கிறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றாக ஓடினால் அவருக்குப் பிடித்துவிடுமே என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. அவர் எங்கேயிருந்தோ கிளம்பி வந்த பிள்ளை. எப்படி இல்லை என்பது? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தம்பியின் கையிலிருந்து சாவியை வாங்கினார்.

“மன்னிச்சிருங்க தம்பி. வண்டி அவளோடது. அவ ஓட்டட்டும்,” என்றார்.

தம்பிக்குக் காபி கொடுத்து, வேறு வண்டி பார்த்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தோம். பிறகு கணவர் தானாகவே போய் இடப்பக்கம் ஏறிக்கொண்டார். நான் ஓட்டும்போதெல்லாம் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மனிதர், அன்றைக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டைப் போடு என்றார். போட்டேன். வெட்கம் பார்க்காமல் கூடவே பாடினேன். பாலத்தின் பாதியில் ஒரு ஷேர் ஆட்டோவை முந்தினேன். அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணுவதற்குள் உச்சிக்கு வந்துவிட்டோம்.