அபயாம்பாளைச் சிரிக்கவைக்கக் கூடாது

பம்பாய் ஹார்பர் லைன் ரயிலில் பஞ்சாபகேசன் போய்வந்த காலம் ஒரு காலம். காலை லோக்கலில் அவர் ஏறிவிட்டால் திலக் நகரிலிருந்து வி.டி. வரைக்கும் அந்தப் பெட்டியில் ஒருத்தரும் கண்ணசர முடியாது. ஸ்டேஷனுக்குப் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அவருக்கு அது வி.டி.தான். கோட்டைப் பக்கம் கப்பல் சரக்குக் காகிதங்கள் பார்க்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒல்லி உடம்பு, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, தோளில் ஒரு ரெக்சின் பை. வாயைத் திறந்தால்தான் விவகாரமே. மனுஷர் அப்படி மிமிக்ரி பண்ணுவார்.

தும்மலை அடக்கிக்கொண்டே லீவு கிடையாது என்கிற மானேஜர், பாஸைத் தலைகீழாகப் பிடித்து ஆராய்கிற டிக்கெட் பரிசோதகர், கூட்டத்தில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனில் பெண்டாட்டியிடம் இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறேன் என்று புளுகுகிறவர், எல்லாரும் அவருக்குள் குடியிருந்தார்கள். குர்லாவில் ஏறும் நிகில் அவருடைய பரம ரசிகன். ஏறிய உடனே “அண்ணா, சுரு கரோ” என்று ஆரம்பிக்கச் சொல்லி நச்சரிப்பான். இந்தியும் மராத்தியும் தமிழுமாகக் கலந்து பஞ்சாபகேசன் போட்ட போட்டில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. அதற்காக யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறவர் வேறு ஆள். செருப்பை விடுவார், கைகால் அலம்புவார், காபியைக் குடித்துவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார். கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மகள் ஸ்மிதா, “எங்கப்பா மகா போர்” என்று தோழிகளிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தாள். பாவம், அவள் என்ன கண்டாள்.

காரணம் அவர் மனைவி அபயாம்பாள். குற்றம் அவள் மேலும் இல்லை. அவளுக்கு ஆஸ்துமா. தூசிக்கும் புகைக்கும் மற்றவர்களுக்கு இழுக்கிற மாதிரி அவளுக்கும் இழுக்கும். அதைவிட மோசம், சிரித்தால் இழுக்கும்.

கல்யாணமான புதிதில் மாதுங்காவில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு ரூமும் சமையலறையுமாகக் குடியிருந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் பஞ்சாபகேசனுக்கு இன்றைக்கும் இனிக்கும், கூடவே பயமும் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புதுப் பெண்டாட்டி சிரித்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்த வயசு. தங்கள் கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர் பாயச வாளிக்காரரை விரட்டி விரட்டிப் பிடித்ததை நடித்துக் காட்டினார். அபயாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், தோள் குலுங்கியது. ஆஹா, எடுபட்டுவிட்டது என்று மனுஷர் உற்சாகமாக இன்னொரு வாளி பாயசத்தையும் சேர்த்து நடித்தார். அவள் முகத்தைத் தூக்கியபோதுதான் பார்த்தார். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. சிரிப்பு எப்போதோ நின்று, அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

டாக்ஸி, ஆஸ்பத்திரி, ஊசி, முகத்தில் மூடி வைத்துப் புகையாக மருந்து. பெண்ணுக்குக் கொஞ்சம் சளி உடம்பு என்று மட்டும் சொல்லிக் கட்டிவைத்த மாமனாரின் சாமர்த்தியம் அன்றைக்குத்தான் விளங்கியது. மாமனார் மேல் வந்த கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. தன் மேல் வந்தது ஆறவில்லை. உயிர் ஊசலாடுகிறவள் எதிரே நின்றுகொண்டு பாயசம் ஊற்றினோமே என்று மனுஷர் மருகிப்போனார். இனி இவளைச் சிரிக்கவைக்கக் கூடாது என்று முடிவு கட்டினார். கட்டினது கட்டினதுதான்.

திலக் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகும் வீடு அந்த முடிவின்படியே நடந்தது. ஊதுவத்தி கிடையாது. மிளகாய் தாளிக்கிற நேரத்தில் அபயாம்பாள் பால்கனிக்குப் போய்விட வேண்டும், தாளிப்பது பஞ்சாபகேசன். துடைப்பம் எடுத்தால் பறக்கும் என்று ஈரத்துணியால்தான் தரை துடைப்பார்கள். ஜன்னலுக்குப் புறா வலை. தலையணைக்கு வாராவாரம் வெயில். டி.வி.யில் நகைச்சுவை என்று எதுவும் தலைகாட்டினால் பஞ்சாபகேசன் சத்தமில்லாமல் எழுந்து செய்திக்கு மாற்றிவிடுவார். இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகச் செய்த குடும்பம் மருந்து விஷயத்தில் செய்த அசட்டுத்தனத்தைக் கேளுங்கள். மருந்தை வாய்வழியே இழுக்கிற பம்ப் பழகினால் விடாது, அது கடைசிக் கட்டத்துக்கு உள்ளது என்று யாரோ சொன்னதை இருவரும் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். தினம் போட்டுக்கொள்ளச் சொல்லி எழுதிக்கொடுத்த பம்பை அபயாம்பாள் ஒரு வாரம் இழுப்பாள், உடம்பு தேறும், உடனே பட்டுப்புடவை அலமாரியில் பத்திரப்படுத்திவிடுவாள். அது அங்கேயே காலாவதியாகும். இழுப்பு வரும்போது அவசரத்துக்கு உள்ள நீலப் பம்ப். அப்படியே ஓடிவிட்டது வாழ்க்கை.

பஞ்சாபகேசன் ஓய்வுபெற்றார். கடைசி நாள் லோக்கலில் பெட்டி முழுக்கச் சமோசாவும் பேடாவும் வழங்கினார்கள். அது போதாது, குடும்பத்தோடு வர வேண்டும் என்று நிகில் அடுத்த ஞாயிறு வடாலாவில் தன் கட்டடத்து ஹாலில் ஒரு பாராட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். சால்வை போர்த்தினார்கள். அப்புறம் எல்லாருமாக, “மானேஜர் கரோ, அண்ணா” என்று பிடித்துக்கொண்டார்கள்.

பஞ்சாபகேசன் எழுந்து நின்றார். முன்வரிசையில் அபயாம்பாள் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். விடவில்லை. தலைவலி என்றார். அதற்கும் விடவில்லை. நிகிலின் மனைவி அபயாம்பாளிடம் குனிந்து, “உங்களுக்கென்ன ஆண்ட்டி, வீட்டிலேயே தினம் பார்ப்பீர்கள்” என்று இந்தியில் சொன்னாள். அபயாம்பாள் ஒரு நிமிஷம் புருஷனைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் வெளில காத்தாட நிக்கறேன். நீங்க பண்ணுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் பண்ணினார். பண்ணாமல் எப்படி? ஹால் அதிர்ந்தது. தும்மலை அடக்குகிற மானேஜராக மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தபோது அவர் கண் அந்தக் காலி நாற்காலியிலேயே நின்றது. வெளியே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அபயாம்பாள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்ஸி வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுனாபட்டியைத் தாண்டியது. அபயாம்பாள் சொன்னாள்.

“அவாள்ளாம் உங்களைப் பத்திச் சொன்னா. யாரோ வேத்து மனுஷாளைப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துது. எனக்கு வெக்கமா போயிடுத்து.”

“உன் உடம்புக்காகத்தானே, அபயம்.”

“தெரியும். அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. என்னை நல்ல டாக்டர் யார்ட்டயாவது அழைச்சுண்டு போங்கோ. எனக்கு உங்களைப் பார்க்கணும்.”

கூடவே இருக்கிற புருஷனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பஞ்சாபகேசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செம்பூரில் டாக்டர் பரீஹா என்று ஒரு நெஞ்சு நோய் மருத்துவர். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவின் மகள். தமிழ்க்காரர்கள் வந்துவிட்டால் திருநெல்வேலிப் பேச்சு தன்னால் வந்துவிடும். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, “சிரிச்சா இழுக்குதாம்மா?” என்று கேட்டார்.

அபயாம்பாள் வாய் திறப்பதற்குள், “அவ சிரிக்கறதில்லை டாக்டர்” என்றார் பஞ்சாபகேசன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சிரிச்சா இழுக்குதுன்னா நோவு இன்னும் கட்டுக்குள்ள வரலன்னு அர்த்தம் சார். நீங்க சிரிக்கவே விடாம வச்சிருந்தா அது எப்படித் தெரியும்?”

பிறகு பம்பை எப்படி இழுப்பாள் என்று செய்துகாட்டச் சொன்னார். அபயாம்பாள் வாய்க்கு நேரே அமுக்கி, அவசரமாக ஒரு மூச்சு இழுத்தாள். மருந்தில் முக்கால்வாசி நாக்கிலேயே தங்கிவிட்டது. “இத்தன வருஷமா நாக்குக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு” என்று டாக்டர் சிரித்தார். ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, அதில் பம்பைப் பொருத்தி நிதானமாக இழுத்து, மூச்சைச் சற்று நிறுத்தி வைக்கக் கற்றுக்கொடுத்தார். “மூச்சுக்குழல்ல வீக்கம் எப்பவும் இருக்கும்மா. நல்லா இருந்தாலும் ரெண்டு வேளையும் இத இழுக்கணும். இழுத்துட்டு வாயக் கொப்பளிச்சுத் துப்பிருங்க. நீலப் பம்ப் அவசரத்துக்குத்தான். அது அடிக்கடி தேவப்பட்டா எங்கிட்ட வாங்க. நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

இந்தத் தடவை பம்ப் அலமாரிக்குப் போகவில்லை. பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே பம்பை வைத்துக்கொண்டாள். மழைக்காலம் வந்தது. சுற்றிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புழுதி கிளப்பினார்கள். ஒன்றிரண்டு நாள் இழுக்கத்தான் செய்தது, டாக்டரிடம் போனார்கள், சரியாயிற்று. நவராத்திரி சமயத்தில் அபயாம்பாள் நடுராத்திரியில் மூச்சுத் திணறி எழாமல் விடியும் வரை தூங்கினாள். வெளியூரில் இருக்கும் ஸ்மிதாவோடு போனில் பேசினால் மூச்சுவிடாமல் பேசினாள். மற்றவர்களுக்கு இது வெறும் பேச்சு. பஞ்சாபகேசன் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு வடாலால பண்ணினேளே, அதைப் பண்ணிக் காட்டுங்கோ.”

“இப்பவா?”

“பின்னே எப்போ?”

பஞ்சாபகேசன் எழுந்தார். நீலப் பம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேட்டியை இறுக்கிக்கொண்டு மானேஜரைப் பண்ணினார். அபயாம்பாள் புன்னகைத்தாள். டிக்கெட் பரிசோதகரைப் பண்ணினார். “நன்னாருக்கு” என்றாள். போனில் புளுகுகிறவரைப் பண்ணினார். அடுத்தாத்துக் குழந்தை டான்ஸ் ஆடினால் மரியாதைக்குப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சாபகேசன் நடுவில் நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மானேஜரை அவள் பார்த்ததில்லை. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியில் ஒருத்தரையும் அவளுக்குத் தெரியாது. தெரியாத ஆளைப் பண்ணினால் யாருக்குச் சிரிப்பு வரும்? ஆயுசு பூராவும் சேர்த்ததை ஊராருக்குக் கொட்டிவிட்டோம், இவளுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தார். மூச்சு சரியாகி என்ன பிரயோஜனம்? சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு அவாள்ளாம் யாருன்னே தெரியாதே, அபயம்.”

“அதுக்கென்ன? எனக்குத் தெரிஞ்சவா யாரையாவது பண்ணுங்கோ.”

“யாரை?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “என்னைப் பண்ணுங்கோ.”

பஞ்சாபகேசன் திடுக்கிட்டுப் பார்த்தார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறாள். மெல்ல எழுந்தார். துண்டைத் தோளில் புடவைத் தலைப்பாகப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

காய்கறிக்காரன் முன்னால் நிற்கிற அபயாம்பாளாக நின்றார். “பையா, பிண்டி...” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். ஒரு வெண்டைக்காயை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுனியை ஒடித்தார். அதில் ஏதோ பெரிய குறை கண்ட மாதிரி புருவத்தை நெரித்தார். அதற்குள் மூச்சு வந்து சேர்ந்துவிட்டது, “...கித்னா?” என்று விலை கேட்டு முடித்தார்.

அபயாம்பாளின் வாய் திறந்தபடி நின்றது.

அடுத்து மாடிப்படி. ஒரு கையில் பை, ஒரு கை கைப்பிடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடியிருப்போர் சொஸைட்டியின் நோட்டீஸ் போர்டு. அதன் எதிரே வந்ததும் பஞ்சாபகேசன் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற அறிவிப்பை, அது என்றைக்கோ கழுவி முடித்த தொட்டி, எழுத்தெழுத்தாகப் படித்தார். தலையாட்டி ஆமோதித்தார். மார்பு ஏறி இறங்குவது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமலிருக்கத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தார்.

களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அபயாம்பாள் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், தோள் குலுங்கியது. பஞ்சாபகேசனுக்கு அந்த மாதுங்கா மத்தியானம் ஞாபகம் வந்துவிட்டது. துண்டு நழுவ, பம்பைப் பாய்ந்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டார். இழுப்பு வந்தால் கேட்கிற விசில் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சிரிப்பு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. அவள் முகத்தை நிமிர்த்தினாள். கண்ணெல்லாம் ஜலம், உதடு சிவந்திருந்தது. பம்பை ஒரு கையால் ஒதுக்கினாள்.

“அந்த நோட்டீஸ் போர்டு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சுண்டிருந்தேன்.”

“உன் பின்னாடிதானே ஏறி வருவேன்.”

“ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

“என்னத்தைச் சொல்றது? நீ படிச்சு முடிக்கட்டும்னு ஒரு படி கீழ நிப்பேன்.”

அபயாம்பாள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. பஞ்சாபகேசன் பயந்துபோய் எழப் பார்த்தார். அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் ஆகலை, இழுக்கலை. நீங்க மேல பண்ணுங்கோ.”