ஏடன் மலையில் ஐம்பது அடி பாக்கி

பூந்தமல்லியில் மூன்று தோல் மண்டிகளுக்குச் சொந்தக்காரன் நான். படித்தது இரண்டாம் வகுப்பு. இருபது வயதில் ஏடன் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி சுமந்தேன். அந்தப் பாலைவன ஊரில் ஷம்சான் என்றொரு மொட்டை மலை, ஆயிரத்தெண்ணூறு அடி. விடுமுறை நாளெல்லாம் அதன் உச்சியில்தான் இருப்பேன். கரிக்கூடையை இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்ததும் அங்கேதான்.

முப்பது வருஷம் கழித்து மறுபடி ஏறப் புறப்பட்டேன். ஆவடியில் ரயிலேறி, அரக்கோணத்தில் பம்பாய் மெயிலைப் பிடித்து, பிறகு ஆறு நாள் கப்பல். கூடவே என் மனைவியின் ஒரே தம்பி காதர். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏடனில் இறங்கிய மூன்றாம் நாள் காலை எட்டு மணி. ஒன்றரை ரூபாய் வாடகை வண்டியில் மலையடிவாரம். திரும்பும் கப்பல் மாலை ஐந்துக்கு. பாதி மலையில் காதருக்கு மூச்சு வாங்கியது.

“மாங்காட்டு எருமைகூட உன்னவிட நல்லா ஏறும்டா.”

“பின்னாலயே தோல் முதலாளி வந்தா எருமை ஏறாம இன்னா பண்ணும் மச்சான்?”

வீடு அளவு பாறை ஒன்று இருந்தது. “இந்த நெழல்ல குந்திகினு இரு. நெழல வுட்டு நவராத” என்று சொல்லிவிட்டு ஏறினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தண்ணீர்க் குடுவை என் தோளிலேயே தொங்குவது தெரிந்தது. திரும்ப மனம் வரவில்லை.

பன்னிரண்டரை மணி. உச்சிக்கு ஐம்பது அடி. கீழே பார்த்தேன். காதர் உட்கார்ந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவனைக் காணோம்.

கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. தண்ணீர் தேடிக் கீழே போயிருப்பான் என்று அடிவாரம்வரை ஓடினேன். வண்டிக்காரன் தலையை ஆட்டினான், யாரும் வரவில்லையாம். காதரின் அக்காவிடம் என்ன சொல்வேன்? மறுபடி ஏறினேன். மணி மூன்று.

பாறையைச் சுற்றிப் போனேன். மறுபக்கத்தில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா இந்தாண்ட வந்த?”

“நெழல வுட்டு நவராதன்னு நீதான சொன்ன? நெழலு இந்தாண்ட வந்துச்சு, நானும் வந்தேன். உச்சிக்குப் போனியா மச்சான்?”

“மொதல்ல தண்ணியக் குடி.”

பூந்தமல்லி ரோட்டில் வரிசையாகப் புளியமரம். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிழலில் உட்காரலாம். அந்தப் பழக்கத்தில் சொன்ன வார்த்தை அது. அந்த மலையில் நிழலும் நடக்கிறது.

ஊர் வந்ததும் எல்லோரும் உச்சியைப் பற்றித்தான் கேட்டார்கள். ஐம்பது அடி பாக்கி என்றேன். என் மனைவி மட்டும் கேட்கவில்லை. காதர் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தாள். பிறகு என் தட்டிலும்.