லிப்ட் வண்டிக்கு வந்த உளவாளி

தொழிற்சாலையில் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கப் போகிறவனை முதலாளி தொழிலாளியின் ஆள் என்பார், தொழிலாளி முதலாளியின் ஆள் என்பார். இரண்டு பக்கமும் அவனுக்கு நாற்காலி மட்டும் போட மாட்டார்கள். உங்களில் யாராவது இந்த வேலையைப் பார்த்திருந்தால் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணிக்கு வெளியே, கனகம்மாசத்திரம் போகும் ரோட்டில் ஒரு பாட்டில் கம்பெனி. பெட்டிகளையெல்லாம் ஆட்கள் முதுகில் சுமந்துகொண்டிருந்த அந்த இடத்துக்கு ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் வந்து இறங்கியது. முன்னால் இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பலகையோடு பாரத்தை ஏந்தி மேலே தூக்கும். ஆட்கள் அதற்கு 'லிப்ட் வண்டி' என்று பெயர் வைத்தார்கள். அதை ஓட்டப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மெட்ராஸிலிருந்து என்னை அனுப்பினார்கள். அரக்கோணம் வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேட்டில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

முதுகு வலி

முதல் வகுப்பு கேன்டீனில். முன் பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி கோவிந்தன். அவர் உட்காரவே இல்லை, கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று நினைத்து, "உங்கள்ல யாருக்கெல்லாம் முதுகு வலி இருக்கு? கையைத் தூக்குங்க" என்றேன். வருஷக்கணக்காகப் பாரம் தூக்கியவர்கள். பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். ஆனால் ஒரு கைகூட மேலே போகவில்லை.

வண்டி வந்தால் இந்த வலி குறையும் என்று சொல்லத்தான் கேட்டேன். அதைச் சொல்லவும் செய்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு மேஸ்திரி மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "முதுகு வலின்னு கை தூக்கினவனத்தான் மொதல்ல வூட்டுக்கு அனுப்புவீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

பின்பக்கம் உதைக்கும் வண்டி

ஓட்டுவதற்குத் தேர்ந்தவர்களில் வெங்கடேசு கெட்டிக்காரன். பொதட்டூர்ப்பேட்டையில் நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் பிடிக்காமல் டிராக்டர் ஓட்டப் போனவன். அவன் 'பாவா' என்று கூப்பிடும் அக்கா புருஷன் முனிரத்தினம் இங்கே லோடு ஆளாக இருந்ததால் இவனும் வந்து சேர்ந்தான்.

லிப்ட் வண்டியில் திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் கொஞ்சம் வளைந்தாலே பின்பக்கம் அகலமாக வீசும். இதைப் பலகையில் படம் போட்டுச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து, டிராக்டரைத் திருப்புகிற மாதிரியே திருப்பினான். நான் அடையாளத்துக்கு நிறுத்தியிருந்த டிரம் பத்தடி தள்ளிப் போய் உருண்டது. "அந்த டிரம் இருந்த இடத்துல ஒரு ஆள் நின்னிருந்தா?" என்று கேட்டேன். வெங்கடேசு இறங்கி, குனிந்து, வண்டிக்கு அடியில் எதையோ தேடினான். பிறகு நிமிர்ந்து சொன்னான்: "என்னப் பெயிலாக்கத்தான் அடியில எதையோ மாத்தி வெச்சிருக்கீங்க சார்!"

மூணு ஆளு வேலை

அடுத்த வாரமே வெங்கடேசு அந்த வண்டியை இரண்டு சுவருக்கு நடுவே தையல் ஊசி மாதிரி ஓட்ட ஆரம்பித்துவிட்டான். பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஸ்டோர்ஸ் சூப்பர்வைசருக்கு எல்லாமே சீக்கிரம் ஆக வேண்டும். பாட்டில் வார்க்கும் இரும்பு அச்சுகளைப் பெட்டி பெட்டியாக ஒரே தூக்கில் ஏற்றச் சொன்னார். பாரம் அதிகமாகி வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. உடனே மூன்று ஆட்களை வண்டியின் பின்னால் ஏறி நிற்கச் சொன்னார், எடைக்கு எடை!

நான் ஓடிப்போய் நிறுத்தினேன். பாரம் சரிந்தால் பின்னால் நிற்கும் மூவரும் தெறித்து விழுவார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். இறங்கியவர்கள் நன்றி சொல்வார்கள் என்று நினைக்கிறீர்களா? மேஸ்திரி கோவிந்தன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி வந்தப்புறம் மூணு ஆளுக்கு நிக்கிற வேலையாவது மிச்சம் இருந்திச்சு. அதுலயும் மண்ணப் போட வந்துட்டீங்களே?"

படி

ஒரு திங்கட்கிழமை காலை போனால் குடோனில் சத்தமே இல்லை. லிப்ட் வண்டி நடுவில் நின்றது. அதன் கைகள் கூரை உயரத்தில் அப்படியே இருந்தன. வண்டியை நிறுத்தினால் கையைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நேர் மேலே ஒரு டியூப்லைட், ஒரு முனை மட்டும் மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. வெங்கடேசைக் காணோம். முனிரத்தினம் தொடை எலும்பு முறிந்து அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தெரிந்தது.

மேஸ்திரியைக் கேட்டேன். "நான் அந்தாண்ட இருந்தேங்க" என்று நகர்ந்துவிட்டார். மற்றவர்கள் நான் கிட்டே போகும் முன்பே வேலையைத் தேடிக்கொண்டார்கள். சூப்பர்வைசர்தான் தானாக வந்து, முனிரத்தினம் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கம்பெனியில் மாடி கிடையாது. இருந்த ஒரே படி கேன்டீன் வாசல் படி, அதுவும் முழங்கால் உயரம். அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "விழற விதத்துல விழுந்தா ஒரு படியே போதும் சார்."

அரக்கோணத்தில்

சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனிரத்தினம் காலில் கட்டோடு படுத்திருந்தார். வெங்கடேசு கட்டில் ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றான். என்னைக் கண்டதும் முனிரத்தினம் கேட்காமலே ஒப்பித்தார்: "படியில வழுக்கிச்சுங்க. யார் மேலயும் தப்பில்லீங்க."

"போதும் பாவா" என்று வெங்கடேசு திரும்பினான். அழுதிருந்தான். "சூப்பர்வைசருதான் சார் பாவாவப் பலகை மேல நிக்கச் சொன்னாரு, டியூப்லைட் மாட்ட. ஆளைத் தூக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருன்னேன். நீ ஓட்டலைன்னா வேற ஆளு ஓட்டுவான்னாரு. தூக்கினேன். பலகை சரிஞ்சிடுச்சு. என் கண்ணு முன்னாடியே வுழுந்தாரு."

உண்மையைச் சொன்னால் ஓட்டியவனுக்கு வேலை போகும், படி என்று சொன்னால் இரண்டு பேரும் பிழைப்பீர்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். "நான் மேனேஜர்கிட்டப் போய்ப் பேசறேன்" என்றேன். முனிரத்தினம் வலியோடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் எங்க உசுருக்கா சார், இல்ல நாளைக்கு எங்க மேல பழி போடறதுக்கா?"

மேனேஜர் அறை

ரயிலில் முழு வழியும் அந்தக் கேள்விதான். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். படிக் கதை எடுபடாது என்று தெரிந்து அதற்குள் அவர் கதையை மாற்றியிருந்தார். பையன் விளையாட்டுக்கு மச்சானைத் தூக்கினானாம்!

"ஆளைத் தூக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா?" என்றார் மேனேஜர். ஆமாம் என்றால் வெங்கடேசு தொலைந்தான். இல்லை என்றால் நான் தொலைந்தேன். "சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். சூப்பர்வைசரின் முகம் மலர்ந்தது. "ஆனா ஓட்டறவங்களுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓட்டச் சொல்றவரையும் வகுப்புக்கு அனுப்புங்கன்னு உங்களைக் கேட்டேன். அவருக்கு நேரமில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. விளையாட்டுக்குத் தூக்கியிருந்தா, மேல பாதி மாட்டின டியூப்லைட் எதுக்கு சார் தொங்குது?"

அப்போது கதவு திறந்தது. வெங்கடேசு. அவனை யாரும் கூப்பிடவில்லை. "நான்தாங்க தூக்கினேன். இவரு சொன்னாரு, தூக்கினேன்" என்று சூப்பர்வைசரைக் கை காட்டினான். அவனுக்குப் பின்னால், வாசலில், மேஸ்திரி கோவிந்தன். "ஆங், நானும் பார்த்தேங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

மேனேஜர் சூப்பர்வைசரை வெளியே போகச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க, உங்களை எந்த யூனியன் அனுப்பிச்சது?"

பஸ் வரும் வரை

முனிரத்தினத்துக்கு நடந்தது வேலையில் நடந்த விபத்து என்றே முடிவானது. வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. கால் கொஞ்சம் இழுத்தபடி வந்தவருக்குக் கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வெங்கடேசுக்கு வண்டி ஓட்டும் வேலை போகவில்லை. சூப்பர்வைசரை மெட்ராஸ் குடோனுக்கு மாற்றினார்கள். கடைசி வகுப்பில் மற்ற சூப்பர்வைசர்கள் எல்லோரும், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அடுத்த பயிற்சிக்கு மட்டும் கம்பெனி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டது.

கிளம்பும் அன்றைக்கு மேஸ்திரி கோவிந்தன் என் பையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். டீக்கடையில் எனக்கு ஸ்பெஷல் டீ சொன்னார். பஸ் வளைவில் தெரிந்ததும் என் காதருகே குனிந்தார்: "எல்லாம் சரி சார், எங்களுக்காகப் பேசினீங்க. நெசமா சொல்லுங்க, இதுல உங்களுக்கு இன்னா ஆதாயம்?"

அந்த டீயையும் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துத்தான், எங்கள் தொழிலில் பாராட்டு விழா என்று சொல்கிறோம்.