செவுள் சிவந்த மீன்

கோவில்பத்து அருளானந்தம் மீன் சாப்பிட மாட்டார். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு ஐம்பது வருடமாக ஒரு மனிதர் கத்தரிக்காயிலேயே காலம் தள்ளினால் காரைக்கால் சும்மா விடுமா? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள். இவருக்குக் ‘கத்தரிக்கா சொல்தா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இரண்டு இடம் கூடிவந்தும் வேண்டாமென்றார். பிறக்கிற பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்ற பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அல்லி. அவரோடு ராணுவத்தில் இருந்த கருப்பையனின் மகள், நெடுங்காட்டுக்காரி, பிரெஞ்சு டீச்சர். ஞாயிறுதோறும் பதினொரு மணி பஸ்ஸில் கேரியரோடு வந்து இறங்குவாள். வருடத்துக்கொருமுறை, இன்னார் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று பிரான்சுக்கு அனுப்பும் சான்றிதழையும் அவள்தான் நிரப்புவாள்; கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பாள். வாரத்தில் அவர் வாய்திறந்து பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, கேரியரோடு ஒரு கடிதமும் கொண்டுவந்தாள். கருப்பையன் ரத்தப் புற்றுநோயில் போனவர். குடித்துக் கெட்டார் என்றது ஊர். குடியால் இல்லை, அணுகுண்டுச் சோதனையால்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி அல்லி பாரிசுக்கு எழுதியிருந்தாள். சோதனை நடந்த தீவில் அவர் இருந்தது உண்மை, ஆனால் கதிர்வீச்சு உடம்புக்குள் போனதற்கு என்ன ஆதாரம் என்று பதில் வந்திருந்தது. உடனிருந்தவர் எவராவது எழுதிக் கொடுக்கலாமாம். உடனிருந்த காரைக்கால்காரர்கள் நாலு பேர். மிச்சம் இவர்தான்.

அருளானந்தம் சொல்லச் சொல்ல அல்லி எழுதினாள். பசிபிக் கடலில் முருரோவா தீவு, 1973. குண்டு வெடிக்கும்போது கப்பல் தளத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். அடுப்பு வாயைத் திறந்ததுபோல முதுகில் சூடு அடிக்கும். திரும்பிப் பார்த்தால் மேகம் வானத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். பிறகு தீவுக்குத் திரும்புவார்கள். கரையோரம் மீன்கள் வயிறு மேலே தெரியச் செத்து மிதக்கும். உயிரோடு இருப்பதையும் பிடிக்கக்கூடாது என்று உத்தரவு. டப்பா மாமிசம் தின்று நாக்குச் செத்துப்போன நாலு பேரும் அதைக் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் இருந்தது. புளிக்குப் பதில் வினிகர்.

அல்லி எழுதுவதை நிறுத்திச் சிரித்தாள்.

“சாவுறப்பகூட அப்பா அந்தக் கொழம்பப் பத்திதான் மாமா பேசுனாரு. அம்மா வச்சது ஒருநாளும் அதுக்கு ஈடாவலையாம். யாரு மாமா வச்சது?”

செத்துப்போனவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

“நான்தாம்மா வச்சேன்,” என்றார் அருளானந்தம். “செவுளப் பாத்துதான் எடுத்தேன். நல்லா செவப்பா இருந்துச்சு.”

கடலோரத்து ஆளுக்கு மீனில் செய்யத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். செவுள் சிவந்திருந்தால் மீன் நல்ல மீன். கதிர்வீச்சு செவுளில் தெரியாது என்று அந்த வயதில் அவருக்கு யார் சொன்னார்கள்? தின்னாதே என்றார்களே தவிர, ஏனென்று சொல்லவில்லை. அந்த மீன்தான் கருப்பையனைக் கொன்றதா என்று இன்றைக்கும் எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதே சட்டியில் தின்ற இவருக்குச் சர்க்கரைகூட இல்லை. அதுதான் இவரை உள்ளுக்குள் தின்றது.

அல்லி குனிந்தபடி கேட்டாள்.

“எத்தன தடவ?”

“வாரம் ரெண்டு. மூணு மாசம்.”

எழுதினாள். சமைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை முழுதாக எழுதினாள். பென்சில் குறி போட்டு நீட்டினாள். அவர் கையெழுத்திட்டதும் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். கேரியரை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கேரியரைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு மணி பஸ் நின்றது, போனது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவள்மேல் அவருக்குக் கோபமில்லை. தனியாக இருக்கத்தான் முடியவில்லை.

தை மாதம் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே சான்றிதழ், முழுக்க நிரப்பியிருந்தது. அருளானந்தம் உயிரோடிருக்கிறார் என்று அல்லியின் கையெழுத்தில் இருந்தது. கீழே பென்சிலில் அந்தச் சின்னப் பெருக்கல் குறி. வேறு ஒரு வரி இருக்கிறதா என்று உறையைப் பிரித்துப் பார்த்தார். இல்லை.

குறி இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேரியரை எடுத்து மறுபடியும் துடைத்தார்.