அம்புக்குறி ஒட்டிய அரசி

எகிப்து ராஜாக்களை நான் படித்ததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். கம்பெனியில் பனியன் செக்கிங். காலையில் மேசை முன்னால் நின்றால் ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் காலை மடக்க முடியும். வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அதனால் மத்தியானம் ஒரு கை சோற்றில், ஒரு கை புத்தகத்தில்.

எதற்கு இந்தப் பாடு என்றால், எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி இருந்தது. அதை நடத்திய அம்மா, "டிகிரிய முடிச்சுட்டு வா கண்ணு, ஜூன்ல ஆறாங்கிளாசுக்கு உன்னையப் போட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தார். சம்பளம் கம்பெனியைவிடக் குறைச்சல்தான். ஆனால் அங்கே டீச்சருக்கு நாற்காலி உண்டு. நின்று நின்று என் குதிகால் இரண்டும் போய்விட்டிருந்தன. எனக்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் உள்ளூர்க்கார அக்கா. இன்னொருத்தி எங்களைப்போலவே தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வாய் கொஞ்சம் நீளம். நான் வாய்க்குள்ளேயே படிப்பது இருவருக்கும் பிடிக்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

செத்த ராஜாவைத் துணியால் சுற்றிச் சுற்றி வைப்பார்கள் என்றதும் அக்கா, "ஒரு ஆளுக்கு எத்தன கிலோ துணி ஆகும் கண்ணு?" என்று கேட்டார். பனியன் கம்பெனிகளில் துணிக்குக் கிலோதான் கணக்கு. அது தறியில் நெய்த துணி, நம்முடையதுபோல நிட்டிங் மெஷினில் பின்னியது இல்லை என்றேன். அந்த ராஜாக்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதை சற்றுக் குறைந்துவிட்டது. சில ராஜாக்கள் கூடப் பிறந்தவளையே கட்டிக்கொண்டார்கள் என்றபோது சுத்தமாகப் போய்விட்டது. "அந்த ஊர்ல மாமம்புள்ள ஒருத்தியுமா இல்ல?" என்றார். கல்லறை கட்டிய வேலைக்காரர்கள், படியளக்கும் தானியம் வரவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்த கதைக்கு மட்டும் இரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்திக் கேட்டார்கள்.

பிறகு ஓர் அரசியின் பாடம் வந்தது. பட்டத்துக்கு வந்தவன் சின்னப் பையன். அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்ள வந்த சிற்றன்னை, கொஞ்ச காலத்தில் தானே கிரீடம் வைத்துக்கொண்டாள். சிலைகளில் ராஜாக்களைப்போல அவளுக்கும் ஒட்டுத் தாடி. அவள் செத்தபின்தான் பையன் முழு ராஜாவானான். கோயில் சுவர்களில் இருந்த அவள் பெயரும் முகமும் செதுக்கி அழிக்கப்பட்டன. ஆனால் உடனே இல்லை, சுமார் இருபது வருடம் கழித்து என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

"போடி, இருவது வருசம் எவன் பொறுப்பான்?" என்றாள் எங்கள் ஊர்க்காரி. "நான் வீட்ட விட்டு எறங்குன அன்னைக்கே எங்க நாத்தனா எம் போட்டோவக் கழட்டிட்டா. புஸ்தகத்துல தப்பாப் போட்டிருப்பான்." எனக்கும் அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. கோபம் என்றால் சூட்டோடு சூடாகத்தானே செய்வார்கள்.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட வேண்டும். அதைச் சரிசெய்கிறவர்கள் பிறகு உரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் ரோலைத் தேடிக்கொண்டிருக்க முடியாதென்று எல்லோரும் பத்துப் பன்னிரண்டை வாட்ச் வாரில் ஒட்டி வைத்திருப்போம். வீட்டுக்குப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரில். சனிக்கிழமை ஷிப்மென்ட், விடிய விடிய வேலை. தூக்கம் பாதி கண்ணில் நிற்கப் போய் உட்கார்ந்தேன். பெரிய கேள்வியாக அந்த அரசியே வந்திருந்தாள். புத்தகத்தில் இருந்தபடியே எழுதிவிட்டு, நேரம் மிச்சமிருந்ததால் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எனக்குப் படித்துப் பார்ப்பது என்றால் குறை தேடுவதுதான். இருபது வருடம் என்ற வரிக்கு வந்ததும் மனசு இடறியது. திரும்ப வந்து யோசிப்போம் என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். மணி அடித்தது. கொடுத்துவிட்டு வந்தேன்.

மற்ற பேப்பர்களெல்லாம் பாஸ். இந்த ஒன்று மட்டும் நிறுத்தி வைப்பு, விசாரணைக்கு வரவும் என்று வந்தது. விடைத்தாளில் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதாம். லீவு போட்டுவிட்டு யுனிவர்சிட்டிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் வயதான ஒருவர் என் விடைத்தாளைப் பிரித்து வைத்திருந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு அம்புக்குறி. எப்போது ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"யாருக்கும்மா இந்தச் சிக்னல்?" என்றார்.

ஓட்டை, கறை, ஸ்டிக்கர், வாட்ச் வார் எல்லாவற்றையும் சொன்னேன். கை எப்படித் தானாகப் போகும் என்று செய்தும் காட்டினேன். அவர் நம்பினார். நம்பமாட்டேன் என்றிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். "இதுல தப்பே இல்லியேம்மா. இருபது வருஷம் கழிச்சுத்தான் அழிச்சாங்க. சரியாத்தான எழுதியிருக்கே" என்றார். பிறகு, "ரூல்னு ஒண்ணு இருக்கே, நான் என்ன பண்றது? பேப்பர் கேன்சல். மறுபடி எழுதிக்க" என்றார்.

"சார், அந்த ஒரு வரிக்காவது மார்க் உண்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என் கை மேல்தான் வந்தது. இத்தனை வருடம் குறை பார்த்தே கூலி வாங்கிய கை, சரியாக இருந்ததையும் விட்டு வைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

பள்ளிக்கூடத்து அம்மா நல்லவர். "அடுத்த வருசம் பாக்கலாம் கண்ணு" என்றார். அடுத்த வருடம் பாஸ் செய்துகொண்டு போய் நின்றபோது, இப்போதெல்லாம் பி.எட். இல்லாமல் எடுப்பதில்லை என்றார். மணி எட்டைத் தாண்டியிருந்தது, கம்பெனிக்குப் போய்விட்டேன்.