லைன் நின்ற மூன்று நாள்

சபையார் எல்லோருக்கும் இயேசுவின் நாமத்தில் வணக்கம். மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் செய்யாறு பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரம் அருகே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பாகங்களைப் பொருத்தும் லைனில் ஒப்பந்த வேலை பார்த்தேன். தங்கல் கம்பெனி ஹாஸ்டலில். ஓர் அறையில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். விளக்குப் போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வார்டனிடம் கெஞ்சிப் பாஸ் வாங்குவேன். மற்றபடி பஸ், லைன், பஸ், கட்டில். பல நாள் மூச்சு முட்டியிருக்கிறது.

சென்னை ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது என் ஆசை. வயது வரம்பு முடிவதால் போன வருஷம்தான் கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தோடு ஓவியத் தொகுப்பு ஒன்று கொடுக்க வேண்டும். போட்டோ பார்த்துப் போட்டது செல்லாது, எல்லாம் நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும்.

கம்பெனிக்குள் போன், நோட்டு எதுவும் விடமாட்டார்கள். ஆனால் பாகங்கள் வரும் தட்டுகளுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்திருக்கும். பிரித்ததும் அது குப்பைக்குப் போய்விடும். அதை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் லைனுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்து வரைந்தேன். தொப்பியும் முகமூடியும் போட்டுக் குனிந்து நிற்கும் பெண்கள்தான் எல்லாப் படத்திலும். படங்களை லாக்கரில் சேர்த்துவைத்தேன். தொகுப்பு முடிந்ததும் ஒரு மாலை மொத்தமாக எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சோதனை போடும் செக்யூரிட்டி அக்கா தாள்களைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பின்னாடி கம்பெனி மார்க் கீது."

"குப்பைக்குப் போற பேப்பருக்கா. படம் நான் வரஞ்சது."

"நீதான் வரஞ்ச. பேப்பரு யாரோடது? குப்பையும் கம்பெனிதும்மா. அதுல லைன வேற வரஞ்சி வச்சிக்கிற."

படங்கள் ஆபீசுக்குப் போயின, திரும்பி வரவில்லை. இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும் என்றார் சூப்பர்வைசர். கடைசித் தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. லீவு கிடையாது, கூடுதல் நேர ஓ.டி. வேறு கட்டாயம். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

அந்த ஹாஸ்டலில் தனியாக அழ பாத்ரூமை விட்டால் இடமில்லை. தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு ஜெபித்தேன். பணிவான ஜெபம் இல்லை, சண்டை. "ஆண்டவரே, என் படங்களைத் திருப்பிக் கொடும், இல்லை என்னை வெளியே விடும்" என்றேன். கதவு தட்டப்பட்டது. பக்கத்துக் கட்டில் ரேவதி.

"இன்னாடி, உள்ளயே குடித்தனமா? எனக்கு பஸ்ஸு வந்துரும்."

மறுநாள் லைன் நின்றுவிட்டது. பாகங்கள் வந்து சேரவில்லையாம். எல்லா ஷிஃப்டையும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள், அதனால் கேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. இருந்த பாஸும் ரத்து. வெளியே விடும் என்று கேட்டவளை இன்னும் இறுக்கிப் பூட்டிவிட்டாரே என்று ஆண்டவர்மேல் எனக்குக் கோபம்.

எட்டுப் பேரும் ஒன்றாக விழித்திருந்த முதல் பகல் அதுதான். ஜன்னலைத் திறந்தோம், வெளிச்சம் வந்தது. மாதக்கணக்கில் தூங்கும் முகமாகவே நான் பார்த்திருந்த ரேவதி எதிரில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான கெடக்குறோம், என்னய வரையேன்" என்றாள்.

"ஆடாம உக்காரணும்."

"லைன்ல அத்தன நேரம் நிக்குறேன், உக்கார மாட்டனா?"

பழைய படங்களை ஒட்டுவதற்காக வாங்கிய பெரிய தாள்கள் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தன. எடுத்தேன். எனக்கு வாய் வரைய வரவில்லை. முகமூடியையே வரைந்து பழகிய கை. அழித்து அழித்துப் போட்டேன். ரேவதிக்கு முன்பல் ஒன்று எடுப்பாக இருக்கும். "அந்தப் பல்ல மட்டும் வுட்டுடுடி" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. மற்றவர்களும் முறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். துணி மடிக்கிறவள், அம்மாவோடு போனில் சண்டை போடுகிறவள், காலை நீட்டிப் பேன் பார்க்கிறவள், எல்லோரையும் வரைந்தேன். மூன்று நாள் கழித்து லைன் ஓடியது. அதற்குள் என் தொகுப்பு முடிந்திருந்தது; கடைசித் தேதிக்குள் அனுப்பிவிட்டேன்.

நேர்காணலில் ஆசிரியர் ஒருவர் படங்களை மெதுவாகப் புரட்டினார். "இவங்க எல்லாம் யாரும்மா?" என்று கேட்டார். "என் ரூம்ல இருக்கறவங்க சார்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எனக்கு இடம் கிடைத்தது. இப்போது முதல் வருஷம் படிக்கிறேன்.

அந்தப் பழைய படங்கள் என்ன ஆயினவோ தெரியாது. நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. கதவையும் திறக்கவில்லை. பூட்டிய அறைக்குள்ளேயே எனக்கு வேண்டியவர்களை உட்கார வைத்தார். அவருக்கு நன்றி சொல்லி முடியாது. நெருக்கடியில் இருக்கிறவர்களே, சண்டை போட்டாவது அவரிடம் கேளுங்கள். அவர் கேட்டுக்கொள்கிறார்.

ஒரு விண்ணப்பம். ரேவதி இன்னும் அதே லைனில்தான் நிற்கிறாள். அவள் சாமி வேறு. ஆனாலும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, "உங்க ஆண்டவராண்ட எனக்கும் ஒரு வழி கேட்டு வையி" என்றாள். நான் தினமும் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.