என் மூட்டும் அவர்கள் பவுடரும்

என் வலது கட்டைவிரலை மடக்கினால் முன்கையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அறுபத்து மூன்று வயதிலும் படுக்கும். முழங்கை பின்பக்கமாகக் கொஞ்சம் வளையும். நம்பாதவர்கள் நேரில் வரட்டும், காட்டுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்து ஊரிலிருந்து கூலி வேலைக்கு ஓசூர் வந்தேன். இன்று ரப்பர் பாகங்களுக்குப் பிசிறு வெட்டுகிற ஷெட் ஒன்று எனக்குச் சொந்தம். வண்டிக் கம்பெனிகளுக்குப் போகிற சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் அச்சிலிருந்து வரும்போது ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். அதைக் கத்தரித்துச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும். அடுத்தவர்கள் விரல் நுழையாத இடத்தில் என் விரல் வளைந்து நுழையும். மற்றவர்கள் ஒரு பெட்டி முடிப்பதற்குள் நான் இரண்டு முடிப்பேன். பதினாறு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். இன்றுவரை ஒருத்தியும் என்னை முந்தவில்லை.

ஆனால் இதே உடம்பில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தோள் மூட்டிலிருந்து நழுவி இறங்கிவிடும். பார்த்தவர்கள் எல்லாரும் எலும்பு வீக் என்றார்கள். சொன்னதையெல்லாம் தின்றேன். பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப், கால்சியம் மாத்திரை, மெக்னீசியம் மாத்திரை, பெங்களூரிலிருந்து வாங்கி வந்த மீன்தோல் பவுடர். சூப் ருசியாக இருந்தது. மீன் பவுடரைக் கரைத்தால் வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். தோள் மட்டும் தன் இஷ்டத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு அம்மாதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எலும்பில் கோளாறு இல்லை. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுகிற நார் பிறவியிலேயே தளர்வு. அதை இறுக்குகிற பவுடர் எதுவும் கிடையாது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. அதை மட்டும் சாப்பிடச் சொன்னார். பருப்பும் முட்டையும் சேர்த்துக்கொண்டு, மூட்டைச் சுற்றியிருக்கிற சதையைப் பயிற்சி செய்து பலப்படுத்தச் சொன்னார். வளைத்து வளைத்து வித்தை காட்டாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கேட்டேன். தோள் இறங்குவது நின்றது.

என் ஒரே மகளுக்கும் இதே உடம்பு. அவளுக்கு முழங்கால். நேராக நின்றால் கால் பின்பக்கம் வில்லாக வளையும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் செக்கிங் லைனில் ஷிப்ட் முழுக்க நின்றே செய்கிற வேலை. அங்கேயே இரண்டு முறை முட்டிச் சில்லு விலகி விழுந்திருக்கிறாள். மூன்றாவது முறை விழுந்தால் லைனில் வைத்துக்கொள்ள முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். புருஷனை விட்டு வந்து இந்த வேலையை நம்பி நிற்கிறவள். அதே பிசியோ அம்மாவிடம் கூட்டிப்போனேன். மூன்று மாதம் ஒழுங்காகக் காலைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தாள்.

அப்புறம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மூட்டுவலிப் பவுடர் டப்பாவோடு வந்தாள். முன்னால் மகளோடு அதே லைனில் நின்றவள்தான். இப்போது டப்பா விற்கிறாள். மகள் பயிற்சியை நிறுத்திவிட்டாள்.

"மூணு டப்பா முடிஞ்சா மூட்டு கெட்டியாயிடுமாம். அப்புறம் இன்னாத்துக்குக் காலத் தூக்கிட்டுக் கெடக்கணும்?"

"ஏண்டி, நீ விழும்போது டப்பா வந்து கைய குடுக்குமா?"

"நீ தின்னாத பவுடரா? எனக்கு மட்டும் சொல்ல வந்துட்ட."



அந்தத் தெருப் பெண் ஒருநாள் என் ஷெட்டில் கட்டைவிரல் வித்தையைப் பார்த்துவிட்டாள். "அக்கா, ஞாயித்துக்கெழம எங்க மீட்டிங்ல மேடையேறி இத ஒரு தடவ காட்டுங்கக்கா, போதும்" என்றாள். எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். மேடை என்றதும் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். மகளும் கூட வந்தாள்.

தளி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். முட்டி பிடித்துக்கொண்ட கிழவர்களும் கிழவிகளும் நிறைந்திருந்தார்கள். நான் விரலை மடக்கிக் காட்டினேன். கைதட்டல் அதிர்ந்தது. அந்தத் தெருப் பெண் மைக்கில் தமிழிலும் கன்னடத்திலும் முழங்கினாள். "அறுவத்திமூணு வயசு! மூட்டு எவ்ளோ ஃப்ரீயா மடங்குது பாருங்க! எல்லாம் நம்ம பவுடர்!"

நான் அந்தப் பவுடரை நக்கிக்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் சிரித்துக்கொண்டு நின்றேன். கைதட்டு யாருக்குத்தான் கசக்கும்?

அடுத்து அவள் என் மகளைக் கூப்பிட்டாள். "வா கண்ணு, கால பின்னால தள்ளிக் காட்டு." மகள் மேடையேறி, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, முட்டியைப் பின்னால் தள்ளத் தொடங்கினாள். மைக்கைப் பிடுங்கினேன்.

"நிறுத்துடி! கால ஆட்டாத!"

வந்தது வரட்டும் என்று மண்டபத்தைப் பார்த்துப் பேசினேன். "நான் இந்தப் பவுடரு சாப்பிடவே இல்ல. பொறந்ததுலருந்தே என் மூட்டு லூசு. இப்பிடி வளையறதுதான் எங்களுக்கு நோவே. அதப்போயி கொணமாயிடுச்சின்னு உங்களுக்குக் காட்டறாங்க. என்ன மாரி ஆவணும்னா, மொதல்ல ஒரு தோள கழட்டி வச்சிட்டு வாங்க."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "அப்போ எனுக்கு இந்த டப்பா வேணாமாம்மா?"

"உங்க முட்டிய டாக்டருகிட்ட காட்டுங்கண்ணா. எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

சிரிப்பு எழுந்தது. "அக்கா, மைக்க குடுங்கக்கா" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். பேசி முடிக்கிறவரை கொடுக்கவில்லை.

ஆட்டோவில் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அத்தன பேரு முன்னாடி மானத்த வாங்கிட்ட. நீ மட்டும் வெரல மடக்கிக் கைதட்டு வாங்கலாம். நான் காட்டுனா தப்பா?"

"நான் காட்டுனதும் தப்புதான்" என்றேன். வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லாத வார்த்தை. "ஆனா என் வெரலப் பாத்து யாரும் என்ன வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்க. உன் முட்டி போனா உன்னத் தூக்குவாங்க."

அந்தத் தெருப் பெண் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். போகட்டும். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.

மீட்டிங் முடிந்த மூன்றாம் நாள் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புமுன் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து சத்தம் வந்தது. பிசியோ அம்மா கன்னடக்காரர். அவர் எண்ணுகிற மாதிரியே இவளும் எண்ணினாள். ஒந்து, எரடு, மூரு. எட்டுக்கு எண்ட்டு என்றதும் நின்றது.

"பத்து சொன்னாங்க" என்று வெளியிலிருந்து கத்தினேன்.

"தெரியும், போம்மா!"

நான் போகவில்லை. ஒம்பத்து, ஹத்து இரண்டையும் காதால் கேட்ட பிறகுதான் ஷெட்டுக்குக் கிளம்பினேன்.